துணைக்குப் போனவன்

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். இரவு எட்டு மணிக்கு மேல் கிளம்பும் பெண்களை அலுவலகக் காரில் அனுப்பும்போது ஒரு செக்யூரிட்டி ஆளும் கூட வருவார். கடைசியாக இறங்குவது பெண் என்றால் அவர் இல்லாமல் வண்டி நகராது. அவரை எஸ்கார்ட் என்கிறோம். அந்தச் சொல்லுக்கு இப்போது வேறொரு பொருளும் ஏறிவிட்டதால் ஆளாளுக்குச் சிரிக்கிறார்கள். தமிழில் ஒரு பெயர் எழுதித் தரச் சொன்னார்கள். 'வழித்துணை' என்று கொடுத்தேன். "இது லாரியில் எழுதுகிற வார்த்தை" என்று சொல்லி என் மேலாளர் 'பாதுகாவலர்' என்று மாற்றிவிட்டார்.

வழித்துணை சரியான சொல்தானா? எவ்வளவு பழையது? துணை என்பது வடமொழி என்று ஒரு நண்பர் சொல்கிறார், உண்மையா? துணை மேலாளர், துணைவேந்தர் என்றெல்லாம் சொல்வதால் அதில் ஒரு படி கீழே என்ற பொருளும் இருக்கிறதே? உண்மையில் எனக்கு உள்ளூர ஒரு கசப்பும் உண்டு. சொந்தமாகச் சம்பாதிக்கும் எனக்கு எதற்குத் துணை? அந்தச் சொல்லே கொஞ்சம் அவமானமாகத் தோன்றுகிறது. ஆனால் வருகிற அண்ணன் நல்லவர். நான் கேட்டைத் திறந்து உள்ளே போய் விளக்குப் போடும்வரை இறங்கி நிற்பார்.

வி., கோவை

*

அன்புள்ள வி.,

உங்கள் கடிதம் வந்த வாரம் முழுக்க நான் சிலப்பதிகாரத்தில் வரும் கவுந்தியடிகளையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன். இல்லையென்றால் இது மற்ற கடிதங்களோடு கிடந்திருக்கும்.

முதலில் சின்னக் கேள்விகளைத் தள்ளிவிடுகிறேன். துணை தமிழ்ச் சொல். மலையாளத்தில் துண. உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். கூடவே, எந்தச் சொல்லைப் பார்த்தாலும் பிறப்புச் சான்றிதழ் கேட்கும் பழக்கத்தை விடச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்தவரைத் திண்ணையில் நிறுத்திக் குலம் கோத்திரம் விசாரிப்பது போல இருக்கிறது.

துணை மேலாளர் விவகாரம் அலுவலகங்கள் அந்தச் சொல்லுக்கு மாட்டிவிட்ட சட்டை. கழற்றிப் பாருங்கள், உள்ளே வேறு உடம்பு இருக்கும். இத்துணை, அத்துணை, எத்துணை என்று சொல்கிறோமே, அங்கே துணை என்றால் அளவு. தினை அளவு உதவி செய்தாலும் அதன் பயன் தெரிந்தவர்கள் பனை அளவாகக் கொள்வார்கள் என்று சொல்ல வள்ளுவர் தினைத்துணை, பனைத்துணை என்கிறார். அதே சொல்லுக்கு இணை, ஜோடி என்ற பொருளும் உண்டு. ஒரு பொருளின் அளவு தெரிய வேண்டுமென்றால் இன்னொன்றைப் பக்கத்தில் வைத்துத்தானே பார்க்க வேண்டும்? இந்த மூன்று பொருளையும் ஒரு நூலில் கோத்துப் பார்ப்பது என் கணக்கு. பக்கத்தில் வைக்கப்பட்டது துணை. ஒரு படி மேலே, ஒரு படி கீழே என்ற ஏணியெல்லாம் பிறகு வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடத்தில் 'கா' எழுதும்போது ககரத்துக்குப் பக்கத்தில் போடும் கோட்டுக்கு என்ன பெயர் சொல்லிக் கொடுத்தார்கள்? துணைக்கால். அது ககரத்துக்குக் கீழேயா நிற்கிறது?

சரி, உங்கள் எஸ்கார்ட்டுக்கு வருவோம். இத்தாலியில் ஸ்கோர்தா என்று இருந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே நுழைந்தபோது ஆயுதம் தாங்கிக் கூடவரும் படையாட்களைத்தான் குறித்தது. இன்னும் அடியில் தோண்டினால் லத்தீனில் 'நேராக்கு, திருத்து' என்ற வினை இருக்கிறது. உங்களைத் திருத்துகிறவர் அந்தச் சொல்லுக்குள்ளேயே சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார் பாருங்கள்! பெண்களோடு கூடப்போகும் மூத்த பெண்மணியை ஷாப்பரோன் என்பார்களே, அது முதலில் தலையை மூடும் முக்காடு. இந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தது கான்வாய்தான். பிரித்தால் 'கூட', 'வழி' என்று வரும். அமைச்சர் போகும்போது நம்மை ஓரங்கட்டுகிற அந்தச் சைரன் ஊர்வலத்துக்கு இவ்வளவு சாதுவான வேர்.

உங்கள் மேலாளர் பாதுகாவலர் என்று போட்டாரே, அதில்தான் எனக்குச் சண்டை. காவல் வேறு, துணை வேறு. இதை நான் பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், யாரும் கேட்பதாக இல்லை. காவலுக்குச் சம்பளம் உண்டு. சோழர் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்று ஒரு வரியே வருகிறது, ஊரைக் காப்பதற்காக ஊர் கொடுத்த பணம். பழைய பெருவழிகளில் சுங்கம் வாங்கிக்கொண்டு வில்லோடு நின்றவர்களும் வழியைக் காத்தவர்கள்தான். நான் அதைக் குறை சொல்லவில்லை. மிளகு மூட்டையோடு காட்டைக் கடக்கிறவனுக்கு வில்தான் வேண்டும். ஆனால் காவலுக்கு ஓர் எல்லை உண்டு, அந்த எல்லையோடு அது நின்றுவிடும். நம் சாமிகளைப் பாருங்கள். அய்யனாரும் கருப்பசாமியும் காவல் தெய்வங்கள், ஊர் எல்லையில் நிற்கிறார்கள், குதிரையும் அரிவாளுமாக. அவர்கள் அந்த எல்லையைத் தாண்டுவதில்லை. கல்யாணப் பத்திரிகையின் தலையில் என்ன போடுகிறோம்? முருகன் துணை. மீனாட்சியம்மன் துணை. முருகன் காவல் என்று அச்சடித்த ஒரு பத்திரிகையை எனக்கு அனுப்பி வையுங்கள், என் வாதத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கவசத்தில் 'காக்க காக்க' என்று பாடுகிறோமே என்று நாளை ஒருவர் எழுதுவார். எழுதட்டும்.

அப்புறம், லாரியில் எழுதுகிற வார்த்தை என்றால் உங்கள் மேலாளருக்கு இளப்பமா? நடுராத்திரியில் மலைப்பாதை இறங்குகிற ஒரு டிரைவரைவிட இந்தச் சொல்லின் பொருள் தெரிந்தவர் யார்? வேலூருக்கு மேற்கே பாலாற்றங்கரையில் விரிஞ்சிபுரம் இருக்கிறது. அங்கே சிவனுக்குப் பெயரே வழித்துணைநாதர். மார்க்கபந்தீஸ்வரர் என்பதும் அதே பொருள்தான். காஞ்சிக்கு மிளகு கொண்டுபோன வணிகன் ஒருவன் கள்வருக்குப் பயந்து வேண்டிக்கொண்டானாம், சாமியே ஆள் வடிவில் கூட நடந்து போனார் என்பது தலக்கதை. மதுரைக்குப் பக்கத்தில் திருமோகூரில் பெருமாளுக்கும் வழித்துணைப் பெருமாள் என்ற பெயர் உண்டு. அவர் வருவது இன்னும் நீண்ட வழிக்கு, உயிர் உடம்பை விட்டுப் போகும் வழிக்கு. நம்மாழ்வார் அதற்காகத்தான் அவரைப் பாடினார். சைவம், வைணவம், லாரி மூன்றும் ஒத்துப்போகிற ஒரு சொல்லை ஒரு மேலாளர் அடித்துவிட்டார். நீங்களும் பேசாமல் வந்துவிட்டீர்கள். ஒரு வாய் திருப்பிக் கேட்டிருக்க வேண்டாமா?

இப்போது கவுந்தி. எவ்வளவு பழைய சொல் என்று கேட்டீர்கள். சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. புகாரை விட்டுக் கோவலனும் கண்ணகியும் விடியுமுன் கிளம்பி வருகிறார்கள். கொஞ்ச தூரம் நடந்ததுமே கண்ணகிக்கு மூச்சு வாங்குகிறது. மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். ஆறைந்து காதம், பக்கம்தான் என்று சொல்லிச் சிரிக்கிறான் அவன். முப்பது காதம்! அந்தச் சிரிப்பை என்னால் கண்கொண்டு படிக்க முடிவதில்லை. வழியில் கவுந்தி என்ற சமணத் துறவி இருக்கும் பள்ளிக்குப் போகிறார்கள். இந்தப் பெண்ணின் கால் இதைத் தாங்காதே என்கிறார் அவர். தடுத்தாலும் நிற்க மாட்டார்கள் என்று தெரிந்ததும், மதுரைக்குப் போக வேண்டுமென்று எனக்கும் ஆசை உண்டு, வருகிறேன் என்கிறார். பிச்சைப் பாத்திரம், தோளில் உறி, கையில் மயிற்பீலி. 'மொழிப்பொருள் தெய்வம் வழித்துணை ஆக' என்று சொல்லிவிட்டு நடக்கத் தொடங்குகிறார். அவரிடம் ஆயுதம் என்று ஒன்றும் இல்லை. கிழவி வேறு.

கிளம்புமுன் அவர் வழியைப் பற்றிச் சொல்வதைத்தான் உங்கள் அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். சோலை வழியாகப் போனால் வெயில் படாது, ஆனால் வள்ளிக்கிழங்கு தோண்டிய குழிகளைச் சண்பகப் பூ உதிர்ந்து மூடியிருக்கும், கால் உள்ளே போய்விடும். குழிக்குப் பயந்து குனிந்தே நடந்தால் பழுத்துத் தொங்கும் பலா தலையில் முட்டும். மஞ்சளும் இஞ்சியும் பின்னிக் கிடக்கும் இடத்தில் பலாக்கொட்டை பரல்கல்லாகக் காலைக் குத்தும். வயல் வழியாகப் போனாலோ காலடியில் சின்ன நண்டும் நத்தையும் சாகும், அந்தப் பாவம் தாங்க முடியாது. கள்வன், புலி பற்றி ஒரு வார்த்தை இல்லை. பலாக்கொட்டையைப் பற்றிச் சொல்கிறார். கூட நடக்கிறவருக்குத்தான் காலுக்குக் கீழே இருப்பது தெரியும். நடுவழியில் இரண்டு வம்பர்கள் வந்து, இந்த மன்மதனும் ரதியும் யார் என்று கேட்க, என் மக்கள் என்கிறார் கவுந்தி. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் கணவன் மனைவியாக வாழ்வார்களோ என்று அவர்கள் இளிக்க, கண்ணகி காதைப் பொத்திக்கொண்டு நடுங்குகிறாள். இரண்டு பேரையும் நரியாகப் போகச் சபித்துவிடுகிறார். அப்புறம் கோவலனும் கண்ணகியும் கெஞ்ச, பன்னிரண்டு மாதத்தோடு விமோசனம். அஹிம்சைத் துறவிதான், ஆனாலும் பாருங்கள்.

பாண்டிய நாட்டுக்குள் வந்ததும் வெயில் தாளாமல் இரவில் நடக்கலாம் என்று கோவலன் சொல்கிறான். அதற்கு அவன் சொல்லும் காரணத்தைக் கவனியுங்கள். பாண்டியன் காக்கும் நாடு இது, இங்கே கரடி புற்றைத் தோண்டாது, புலி மானோடு பகை கொள்ளாது. காவல் அவ்வளவு கெட்டி. அந்த நம்பிக்கையோடு மதுரை மதிலுக்கு வெளியே வருகிறார்கள். கவுந்தி கண்ணகியை மாதரி என்ற இடைச்சி கையில் அடைக்கலமாகக் கொடுக்கிறார். முப்பது காதம் கூட வந்தவர் கோட்டைக்குள் வரவில்லை. உள்ளே காவலன் இருக்கிறானே!

அந்தக் காவலன் கோவலனை விசாரிக்காமல் கொன்றான். தமிழில் அரசனுக்குக் காவலன் என்று பெயர் என்பதை மறந்துவிடாதீர்கள். கண்ணகி சிலம்பை உடைத்ததும் அவன் வாயிலிருந்து வருகிற சொற்களும் அதுவே. 'மன்பதை காக்கும் தென்புலங் காவல் என்முதல் பிழைத்தது, கெடுக என் ஆயுள்.' என்னோடு காவல் தவறிப்போயிற்று. ஒரே நூலுக்குள் இரண்டு சொல்லும் எதிரெதிராக நிற்கின்றன. வெறுங்கையோடு வந்த துணை முப்பது காதம் பத்திரமாகக் கொண்டுவந்து விட்டது. வாளோடு இருந்த காவல் கொன்றது.

பாண்டியன் செத்தது எல்லோருக்கும் தெரியும். கவுந்தி என்ன ஆனார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? பின்னால் வஞ்சிக் காண்டத்தில் மாடலன் என்ற பார்ப்பனன் செங்குட்டுவனிடம் போகிறபோக்கில் சொல்கிறான். நான் கூட்டி வந்ததாலா இவர்கள் வினை இப்படி மூண்டது என்று வருந்தி, உண்ணா நோன்பிருந்து உயிரை விட்டார். மாதரியும் அடைக்கலத்தை இழந்தேனே என்று தீயில் விழுந்தாள். யாரும் அவர்கள் மேல் குற்றம் சொல்லவில்லை, எந்த அவையும் விசாரிக்கவில்லை.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வாய்க்கால் கரை ஞாபகம் வரும். நானும் ஒரு காலத்தில் துணைக்குப் போனவன். சம்பளம் கருப்பட்டி மிட்டாய்.

1972. எனக்கு ஏழு வயது. எங்கள் ஊர் அம்பாசமுத்திரத்துக்குப் பக்கம். அத்தைக்குப் பத்தொன்பது. பள்ளிப் படிப்பு முடித்துவிட்டு டவுனில் டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஐந்தரைக்கு வகுப்பு, திரும்பி வரும்போது இருட்டிவிடும். ஒன்றரை மைல் வாய்க்கால் கரை, நடுவில் ஒரு புளியமரம். "பொட்டப்புள்ள ஒத்தையிலயா போவா? இவனத் துணைக்குக் கூட்டிட்டுப் போ" என்றாள் ஆச்சி. உங்களைப் போல அத்தை அவமானப்பட்டாளா என்பது எனக்குத் தெரியாது. என் கால்சட்டைக்கு அப்போது பொத்தான் கிடையாது, ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடப்பேன். மறு கையை அத்தை பிடித்திருப்பாள்.

வகுப்பு வாசலில் ஒரு பெஞ்சு. உள்ளே பத்துப் பதினைந்து ரெமிங்டன்கள் ஒரே நேரத்தில் தடதடக்கும். வரி முடியும்போது ஒரு மணி அடிக்குமே, அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருப்பேன். எண்ணி எண்ணித் தூங்கிவிடுவேன். திரும்பும்போது பாதி நாள் அத்தை இடுப்பில்தான் வருவேன். விழித்திருக்கும் நாட்களில் புளியமரம் வந்ததும் கத்த ஆரம்பித்துவிடுவேன். அவள் ஏ எஸ் டி எஃப் என்று சத்தமாகச் சொல்லுவாள், நானும் கூடச் சொல்லுவேன், மரம் பின்னால் போய்விடும். யாருக்கு யார் துணை என்று கேட்டால் சிரிப்பாகத்தான் இருக்கும்.

இதை இத்தோடு நிறுத்தியிருந்தால் கதை அழகாக இருக்கும். என் வாதத்துக்கும் தோதாக இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் ஆச்சி என்னைத் தனியாக அடுப்படிக்குக் கூப்பிடுவாள். கருப்பட்டி மிட்டாய் ஒன்று கைக்கு வரும். "அத்த வழியில யாருட்டயாவது பேசினாளால?" என்பாள். இல்லை என்பேன். தினமும் இல்லை. ஒரு நாள், பெஞ்சில் தூங்காத ஒரு நாள், நீலச் சட்டை போட்ட ஒரு மாமா அத்தையிடம் ஒரு புத்தகம் கொடுத்தார் என்று சொன்னேன். சுருக்கெழுத்துப் புத்தகமாக இருந்திருக்கும். என்னவாக இருந்தால் என்ன, எனக்கு அன்றைக்கு இரண்டு மிட்டாய் கிடைத்தது.

மறுநாளிலிருந்து அத்தை வகுப்புக்குப் போகவில்லை. லோயர் பரீட்சைக்குப் பணம் கட்டியிருந்தாள். தை மாதம் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை நல்லவர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் நீலச் சட்டைக்காரர் யார், என்ன என்று யாரும் அத்தையிடம் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஏழு வயதுப் பையன் சொன்னது போதுமாக இருந்தது. அதற்காகத்தானே என்னை அனுப்பினார்கள். புளியமரத்தைக் கண்டே அலறுகிறவனால் ஒரு ஆளைத் தடுக்க முடியுமா? ஆச்சிக்கு அது தெரியாதா? என் கையும் காலும் அவளுக்கு வேண்டாம், கண்ணும் வாயும் போதும். துணை என்று பெயர் சொல்லிக் காவலுக்கு வைத்திருக்கிறார்கள் என்னை.

ஆகவே வி., உங்கள் கசப்பைத் திட்டலாம் என்று ஆரம்பித்தேன், பாதி வழியில் குரல் இறங்கிவிட்டது. துணை என்ற சொல்லில் அவமானம் இல்லை என்று இப்போதும் சொல்வேன். பேச்சுத்துணைக்கு ஆள் வேண்டும் என்று ஆண்களும்தான் அலைகிறோம். உங்களுக்குக் கசப்பது அந்தச் சொல்லை முன்னால் நிறுத்திப் பின்னால் நடக்கிற விசாரணையாக இருந்தால், அந்தக் கசப்பு சரிதான், வைத்துக்கொள்ளுங்கள். அந்த அண்ணனிடம் ஒரு பதிவேடு இருக்கும், நீங்கள் இறங்கிய நேரத்தைக் குறித்துக் கையெழுத்து வாங்குவார். அதுவரை காவல், அதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். விளக்கு எரியும்வரை தெருவில் நிற்கிறாரே, அதற்கு எந்தப் பதிவேட்டிலும் கட்டம் கிடையாது. அவர் பெயரை நீங்கள் எழுதவில்லை. தெரியாது என்று நினைக்கிறேன். சொந்தமாகச் சம்பாதிக்கிறவருக்கு அதைக் கேட்க நேரம் இருந்திருக்கலாம். போர்டில் என்ன எழுதுவது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அத்தை இப்போது கடையத்தில் தனியாக இருக்கிறாள். எழுபத்திரண்டு வயது, முட்டிவலி. போன கார்த்திகையில் போயிருந்தேன். என் மடிக்கணினியைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன். விசைப்பலகையைப் பார்க்காமலே எட்டு விரலும் போய் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்தன. அப்புறம் கையை எடுத்துவிட்டு, காப்பி ஆறுது என்றாள். அந்த நீலச் சட்டையைப் பற்றி அவள் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

ராத்திரி எட்டரைக்கு பஸ். கிளம்பினால், "நில்லு, தெருவில லைட்டு இல்ல, துணைக்கு வாரேன்" என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள். அறுபது வயது ஆளுக்கு. பஸ் நிற்குமிடம் வந்ததும்தான் எனக்கு உறைத்தது, இவள் திரும்பத் தனியாகப் போக வேண்டுமே என்று. அவளைக் கொண்டுபோய் வீட்டில் விட்டேன். வாசல்படி ஏறியதும் மறுபடி டார்ச்சோடு இறங்கினாள். வேண்டாம் அத்தை என்றால் கேட்டால்தானே. நாங்கள் பாதி வழியில் இருக்கும்போது பஸ் போய்விட்டது.